அத்தானின் ஆர்வியும் கோண்டாவில் ஹையேஸும்

யூன் 14, சனி

இரவு பத்து மணிக்குப் பிறகு அத்தானிடமிருந்து வட்சப் அழைப்பு. ஸ்காபரோவில் அப்போதுதான் மத்தியானம். "தம்பி, எங்கட ஆர்விக்கு றீகோல் வந்திருக்காம். பற்றரி சார்ச் ஏத்துற சாமான் பிழையாம், நெருப்புப் பிடிக்கலாமாம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கடிதம் வந்திருக்கு, எனக்கு வரேல்லை. சும்மா கதையோ?"

ஆர்வி என்றால் மோட்டார்ஹோம், படுத்து எழும்ப வசதியுள்ள வீட்டு வண்டி. றீகோல் என்றால் பழுதுள்ள வண்டியைத் திருத்தவென்று செய்த நிறுவனமே திருப்பிக் கூப்பிடுவது. இரண்டு வண்டியும் ஒரே மொடல், ஒரே ஆண்டு. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கியவர், அத்தான் இரண்டாம் கை. இப்படியான கடிதம் பதிவில் உள்ள பழைய உரிமையாளரின் விலாசத்துக்குப் போயிருக்கலாம். வண்டி கைமாறினாலும் றீகோல் வண்டியோடுதான் போகும், பழுதை இலவசமாகத்தான் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். இலவசம் என்றதும் குரல் மாறிவிட்டது. நாளைக்கே பார்க்கிறாராம்.

யூன் 15, ஞாயிறு

பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், வண்டியின் முகப்பில் யாருடைய சின்னம் இருக்கிறதோ அவர்களுடைய தளத்தில்.

மோட்டார்ஹோமில் இதுதான் சிக்கல். என்ஜினும் சேசியும், அதாவது அடிச்சட்டமும், ஒரு நிறுவனம். அதன்மேல் கட்டில், குசினி, வீட்டுப் பக்கத்துப் பற்றரி எல்லாம் வைத்துக் கட்டுவது வேறொரு நிறுவனம். இந்தப் பழுது கட்டியவர்களின் வேலை, சேசிக்காரரின் பட்டியலில் அது வராது. கனடாப் போக்குவரத்து அமைச்சின் பட்டியலில், கட்டிய நிறுவனத்தின் பெயர், மொடல், ஆண்டு கொடுத்துத் தேடச் சொன்னேன். கிடைத்தது.

பிறகு அவர்களுடைய தளத்தில் வண்டி இலக்கத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் 17 எழுத்து. அத்தான் போட்டால் பிழையான இலக்கம் என்று வருகிறது. திரும்பத் திரும்ப அதுதான். வாசியுங்கோ என்றேன். நடுவில் "ஓ" என்றார். அந்த 17 எழுத்தில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது, ஒன்றோடும் பூச்சியத்தோடும் குழம்பக்கூடாது என்று விலக்கி வைத்திருக்கிறார்கள். பூச்சியம் போட்டுப் பாருங்கோ என்றேன். அத்தானின் வண்டியும் அதற்குள்தான்.

அக்கா பின்னாலிருந்து, "நான் அண்டைக்கே சொன்னனான், கட்டிலுக்குக் கீழ ஏதோ நாறுது எண்டு" என்றார்.

யூன் 17, செவ்வாய்

அத்தான் றீகோல் அறிவித்தலைப் படம் பிடித்து அனுப்பினார். பழுதென்று சொல்லும் சார்ச் பெட்டியின் மொடல் இலக்கத்தை வாசித்துவிட்டு எழும்பிப் போய்ப் பட்டறை மேசையைப் பார்த்தேன். அதே பெட்டி. போன வருசம் அத்தானின் மருமகன் வந்தபோது சூட்கேசில் இரண்டு கொண்டுவந்தான். ஒன்று வவுனியாவுக்குப் போய்விட்டது. மற்றது கோண்டாவில்காரர் ஒருவரின் ஹையேஸ் வானுக்கென்று வைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் சனத்துக்குப் படுக்கை வைத்த வானாக விடப்போகிறார். கசூரினாவுக்கும் மன்னாருக்கும் குடும்பமாகப் போய்ப் படுத்து எழும்பலாம்.

பெட்டியின் வேலை இதுதான்: வண்டி ஓடும்போது ஓல்டனேற்றரில், அதாவது என்ஜின் சுற்றுகிற டைனமோவில், வரும் கரண்டை எடுத்து, படுக்கைப் பக்கத்துப் பற்றரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது. ஈயப் பற்றரியைச் சூட்டில் குறைந்த வோல்ற்றிலும் குளிரில் கூடிய வோல்ற்றிலும் சார்ச் பண்ண வேண்டும். அதற்காகப் பற்றரியில் ஒரு சின்ன வெப்பச் சென்சர் ஒட்டுவார்கள். சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும்.

வயர் கழன்றால்? தடை எல்லையில்லாமல் போகும். பெட்டிக்கு அது கடுங்குளிர். நல்ல பெட்டி என்றால் சென்சர் இல்லை என்று அறிந்து நின்றுவிட வேண்டும். இது நிற்பதில்லையாம். வண்டியின் அதிர்வில் அந்தச் சொக்கற் கழன்றுவிடுவதுதான் பழுது. யாழ்ப்பாணத்து ஆனி வெயிலில் நின்றுகொண்டு, வெளியே பனி கொட்டுகிறது என்று நினைத்து ஏற்றிக்கொண்டே இருக்கும்.

யூன் 18, புதன்

செய்து பார்க்காமல் மனம் கேட்கவில்லை. பட்டறையில் நின்ற லொறியை ஓடவிட்டு, அதிலிருந்து பெட்டிக்குக் கொடுத்து, மாமரத்துக்குக் கீழே வெளியில் வைத்த ஒரு பழைய பற்றரிக்கு ஏற்றினேன். சென்சர் ஒட்டியபடி. மத்தியானம் தாண்ட 14.1 வோல்ற்றில் வந்து நின்றது. 25 பாகைக்கு 14.4 என்றால், இந்த வெக்கைக்கு அது சரியான கணக்கு. பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சென்சர் வயரைக் கழற்றினேன். மல்ரிமீற்றர் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு 14.6. 14.9. மூடிகளைத் திறந்து வைத்திருந்தேன், ஆறு அறையும் சோறு கொதிக்கிற மாதிரிப் பொங்கத் தொடங்கின. மூக்கைக் கரிக்கிற அமில வாசம். 15.2. பற்றரியின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்த பொடியன் உடனே கையை எடுத்துவிட்டான். 15.4 இல் லொறியை நிறுத்தச் சொன்னேன்.

அந்தக் குமிழி ஐதரசன். காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். சூடான பற்றரி இன்னும் கூடக் கரண்ட் இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும். அக்கா சொன்ன நாற்றம் கூழ்முட்டை நாற்றமா என்று இரவு கேட்டேன். ஓமாம். அப்படியென்றால் அது ஐதரசன் சல்பைட்டாக இருக்க வேண்டும், படுக்கும் இடத்தில் அது விசம். பெட்டிக்குப் போகும் பியூஸை இப்பவே பிடுங்குங்கோ, பற்றரியையும் வெளியில் எடுங்கோ என்றேன். அத்தான் மறுபேச்சுப் பேசவில்லை.

யூன் 21, சனி

கோண்டாவில்காரர் வந்தார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னம் வான் வேண்டும், ஆட்கள் சொல்லி வைத்துவிட்டார்களாம்.

"வேலை செய்யுதுதானே தம்பி, வயர் கழராமல் இறுக்கி ஒட்டிவிடும்."

இதற்காக அவரைக் கோபிக்க முடியாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் பற்றரிக்கே தடை இருந்த ஊர் இது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட எங்களுக்கு, வேலை செய்கிற சாமானை வீசச் சொன்னால் கை வராது.

ஆனால் அவருடைய ஹையேஸுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. புதிய வண்டிகளில் எரிபொருளை மிச்சம் பிடிக்க ஓல்டனேற்றர் வோல்ற்றை அடிக்கடி குறைத்துவிடும், அங்கேதான் இது வேண்டும். இது பழைய டீசல். ஓடும் நேரமெல்லாம் 14.2 நிற்கிறது. ஒரு றிலே போதும், வோல்ற் ஏறினால் இரண்டு பற்றரியையும் சேர்க்கும், இறங்கினால் பிரிக்கும். கம்பியின் இரண்டு முனையிலும் பற்றரிக்குக் கிட்ட ஒவ்வொரு பியூஸ். பற்றரியைக் கட்டிலுக்குக் கீழே மூடிய பெட்டியில் வைத்து, வெளியே ஒரு காற்றுக் குழாய். செலவு குறைகிறது என்றதும் சம்மதித்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர் விடக்கூடாது, எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் பற்றரிக்கு நஞ்சு, கடையில் போத்தல் வாங்குங்கோ என்றும் சொல்லி அனுப்பினேன். எவ்வளவு காதில் ஏறியதோ.

யூன் 24, செவ்வாய்

பெட்டி செய்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டிருந்தேன், பதில் வந்தது. நன்றி, உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம், அருகிலுள்ள முகவரிடம் கொண்டு செல்லவும். முகவர் பட்டியலில் எங்களுக்கு ஆகக் கிட்ட உள்ளது அவுஸ்திரேலியாவில்.

யூன் 29, ஞாயிறு

அத்தானுக்கு யூலை நடுப்பகுதிக்குத்தான் திகதி கொடுத்திருக்கிறார்களாம், புதுப் பெட்டி வரவேண்டுமாம். முதலாந்திகதி லீவுக்கு அல்கோன்குயின் பார்க்கில் இடம் புக் பண்ணி வைத்திருந்தார். போகலாமா என்று கேட்டார். புதுப் பற்றரி போட்டாயிற்று, பியூஸ் பிடுங்கியபடியே இருக்கட்டும், கரண்ட் இணைப்புள்ள இடமென்றால் அங்கே செருகினால் பற்றரி ஏறும், அது வேறு சார்ஜர், றீகோலில் இல்லை என்றேன். அக்கா மாட்டாராம். கூடாரத்தில் படுப்பாராம். அத்தான் ஆர்விக்குள், அக்கா வெளியே. அவர்கள் பாடு.

யூலை 3, வியாழன்

வவுனியாக்காரரின் நம்பரை இன்றுதான் பிடித்தேன். பழைய போன் தொலைந்து, யாரோ ஒருவருடைய மச்சானிடம் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு.

வான் நன்றாக ஓடுகிறதாம், போன மாதம் திருகோணமலைக்கும் போய் வந்தாராம். பற்றரி மட்டும் தண்ணீர் குடிக்கிறதாம், கிழமைக்குக் கிழமை விட வேண்டியிருக்காம்.

"பெட்டியிலயிருந்து மெல்லிய கறுத்த வயர் ஒண்டு பற்றரிக்குப் போகுதே, பாருங்கோ அண்ணை."

"எந்த வயர்?"

படம் அனுப்பச் சொன்னேன். சென்சர் பிளாஸ்ரிக் உறைக்குள் மடித்தபடி, பெட்டியின் பக்கத்தில் ரேப் போட்டு ஒட்டியிருந்தது. பூட்டியவர் அதை மேலதிகச் சாமான் என்று நினைத்திருக்கிறார். பியூஸ் எங்கே இருக்கிறது என்று காட்டி, போனிலேயே பிடுங்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிய வானைக் கொண்டுவருகிறார். றிலே ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.