அரியலூர்க் கல்லுக்குள் இருக்கும் வாயு

என் அம்மாயி வீட்டில் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பே சுண்ணாம்பு நீற்றிவிடுவார்கள். காளவாசலில் சுட்டெடுத்த கல்லை மண்தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் அது கொதித்துப் புகையும். வெள்ளையடித்த முதல் வாரம் சுவரில் சாய்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளையாகும். மாசி பிறப்பதற்குள் ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். சூளையில் கல்லை விட்டுப் போன கரியமில வாயுவை, ஈரச் சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டு மீண்டும் கல்லாகிறது என்பதே அதன் காரணம் என்று கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆலைகள் வெளியிடும் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது அல்லது புதைத்து வைப்பது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மற்ற 44 கிலோவும் கரியமில வாயுவாகப் போய்விடும். நிலக்கரியை விட்டுவிட்டுச் சூரிய மின்சாரத்தால் சூளையைச் சூடாக்கினாலும் இந்த 44 கிலோவில் ஒரு கிராமும் குறையாது, ஏனெனில் அது எரிபொருளிலிருந்து வருவதன்று, கல்லுக்குள்ளேயே இருப்பது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலின் உயிரினங்கள் ஓடுகளாகச் சேர்த்துவைத்த கார்பனைத்தான் அரியலூரில் இன்று சுண்ணாம்புக்கல்லாக வெட்டிச் சிமெண்டு ஆலைக்கு லாரியில் ஏற்றுகிறோம். சிமெண்டு ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இப்படிக் கல்லிலிருந்தே கிளம்புவதால், மின் நிலையங்களுக்கு இருக்கும் மாற்று வழி சிமெண்டுக்கு இல்லை. நிலக்கரி மின் நிலையத்துக்கு இந்தத் தொழில்நுட்பத்தைப் பூட்டி அதன் ஆயுளை நீட்டிப்பதை நான் ஏற்பதில்லை. சிமெண்டு விஷயத்தில் அவ்வளவு எளிதாகத் தலையாட்டி மறுக்க என்னால் முடியவில்லை.

பிடிக்கும் முறை ஒன்றும் புதிதன்று. ஆலைப் புகையைக் குளிர்வித்து உயரமான கோபுரத்தின் அடியில் செலுத்துவார்கள். மேலிருந்து அமீன் என்ற, அம்மோனியா வழிவந்த வேதிப்பொருளின் கரைசல் மழைபோல் இறங்கும். மற்ற வாயுக்களை விட்டுவிட்டுக் கரியமில வாயுவை மட்டும் அது பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால், பிடித்ததை அது உதறிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகும். செலவின் பெரும்பகுதி இந்த உதறவைக்கும் வெப்பத்தில்தான் இருக்கிறது.

இதைத் தமிழ்நாட்டில் தொழில் அளவில் செய்து காட்டிய இடம் தூத்துக்குடி. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) தயாரிக்கும் அமைப்பு 2016-ல் இயங்கத் தொடங்கியது. கரைசலை உருவாக்கியது கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். அரசு மானியம் இல்லாமலே இது நடந்தது என்பதால் உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. சோடா ஆஷ் தயாரிக்க உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் வேண்டும். உப்பளங்களுக்கு நடுவே இருக்கும் ஊரில், விலை கொடுத்து வாங்க வேண்டிய மூன்றாவது பொருளைத் தன் புகைபோக்கியிலிருந்தே எடுத்துக்கொள்வது அசல் வியாபாரக் கணக்கு. மெச்சத்தக்கதுதான்.

ஆனால் அந்தச் சோடா ஆஷ் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதன் பெரும் வாடிக்கையாளர்களில் ஒன்று கண்ணாடித் தொழில். மணலோடு சோடா ஆஷைச் சேர்த்து உருக்கும்போது, தூத்துக்குடியில் உள்ளே போன கரியமில வாயு கண்ணாடி உலையின் புகைபோக்கி வழியே வெளியே வந்துவிடுகிறது. அம்மோனியா ஆலையில் பிடித்த வாயுவைக் கொண்டு செய்யும் யூரியாவும் அப்படியே, வயலில் கரைந்த சில நாளில் காற்றுக்குத் திரும்பிவிடும். வேறெங்கோ புதிதாக உண்டாக்கியிருக்க வேண்டிய வாயு மிச்சமானது என்ற அளவில் பலன் உண்டு; அதைப் ‘புதைத்துவிட்டோம்’ என்ற கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

அளவும் ஒத்துவராது. ஒரு டன் சிமெண்டுக்குச் சராசரியாக 600 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், ஆண்டுக்கு 20 லட்சம் டன் தயாரிக்கும் ஓர் ஆலையே 12 லட்சம் டன் வாயுவை வெளியிடும். தூத்துக்குடியில் பிடித்ததைப் போல இருபது மடங்கு. டால்மியா சிமெண்டு நிறுவனம் தன் தமிழ்நாட்டு ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கப்போவதாக 2019-ல் அறிவித்தபோது, எனக்கு எழுந்த முதல் கேள்வி, இவ்வளவையும் வாங்க எந்தச் சோடா ஆலை இருக்கிறது என்பதுதான்.

நார்வேக்காரர்கள் அதற்குக் கடலடியைக் காட்டுகிறார்கள். பிரேவிக் ஊரின் சிமெண்டு ஆலையில் 2025-ல் திறக்கப்பட்ட அமைப்பு, ஆண்டுக்கு 4 லட்சம் டன், அதாவது அந்த ஆலை உமிழ்வதில் ஏறத்தாழ பாதியைப் பிடிக்கிறது. கரைசலைச் சூடாக்க ஆலையின் வீண்வெப்பமே பயன்படுகிறது. பிடித்த வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குழாய் வழியாகக் கடலடித் தரைக்கும் 2,600 மீட்டர் கீழே உள்ள மணற்பாறையில் செலுத்துகிறார்கள். வட கடலின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதலே இப்படிச் செலுத்திவருவதால் பாறை தாங்குமா என்ற ஐயம் அவர்களுக்குக் குறைவு. அந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்ததும் கரியமில வாயுவை வெளியிடுவதற்கு 1991-ல் போட்ட கார்பன் வரிதான்; பிரேவிக் செலவின் பெரும்பகுதியையும் அரசே ஏற்றது. எனவே அதை இங்கே அப்படியே எடுத்துவந்து நட முடியாது.

நமக்கு அருகில் இருப்பது காவிரிப் படுகை. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும் அதே படிவப் பாறைத் தொடரைச் சேர்ந்ததுதான். கிழக்கே டெல்டாவில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்த கிணறுகள் இருக்கின்றன. ஏட்டளவில் பார்த்தால் தூரமும் குறைவு, ஆழமும் உண்டு. ஆனால் நெடுவாசலில் 2017-ல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்த மக்களும், 2020-ல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமும் இருப்பது அதே மண்ணின் மேல். நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், அழுத்தம் மாறினால் யார் கண்காணிப்பது, முப்பது ஆண்டு கழித்து நிறுவனம் கைமாறினால் பொறுப்பு யாருடையது என்று அவர்கள் கேட்பார்கள். அமீன் கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்று வரைபடம் போடுகிறவர்கள், அதன் குழாய் போய் முடியும் ஊரின் கிராமசபையில் இதற்கெல்லாம் முதலிலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.