ஐந்து வருட சட்டப் படிப்பும் ஒரு வெட் கிரைண்டரும்

கல்லூரியில் தீர்ப்பு தேடுவதில் நான் கில்லாடி. எஸ்.சி.சி. ஆன்லைனில் நாலு சொல்லைத் தட்டினால் வேண்டியது வந்து விழும். அந்தத் தெம்போடுதான் காப்புரிமை வேலைக்குப் போனேன். நேர்காணல் எல்லாம் சுலபமாக முடிந்தது.

மூன்றாவது வாரத்தில் என் முதல் பிரையர் ஆர்ட் தேடல், அதாவது கண்டுபிடிப்பு ஏற்கெனவே எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று பார்ப்பது. கட்சிக்காரர் வெட் கிரைண்டரைச் சாய்த்து நிறுத்த ஒரு பூட்டு செய்திருந்தார். எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமை ஆவணத் தளத்தில் 'வெட் கிரைண்டர்' என்று தட்டினேன், கொஞ்சம்தான் வந்தது. பூட்டு எதிலும் இல்லை. 'புதுமை உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சீனியர் மேடம் அரைமணி நேரத்தில் இரண்டு பழைய ஆவணங்களை மேசையில் வைத்தார். இரண்டிலும் 'வெட் கிரைண்டர்' என்ற சொல்லே கிடையாது. ஒருவர் அரவை இயந்திரம் என்கிறார், இன்னொருவர் உருளைக்கல் சாதனம் என்கிறார். "தம்பி, பேரை வெச்சுத் தேடாதே. அது எந்த வகுப்புல உட்கார்ந்திருக்குன்னு பாரு" என்றார். காப்புரிமை ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறியீடு கொடுத்திருக்கிறார்கள். சமையலறைச் சாமான் என்றால் ஏ47ஜே, அரைப்பது நொறுக்குவது என்றால் பி02சி. கிரைண்டருக்கு இரண்டையும் துழாவ வேண்டும். ஐந்து வருடத்தில் இந்த வகைப்பாட்டைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததில்லை. எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகம்தான் கிளெய்ம், அதில் ஒன்றைக்கூட நாங்கள் முழுதாக வாசித்ததில்லை!

அடுத்த அடி தேதியில் விழுந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு எதிராக, காப்புரிமை வழங்குவதற்கு முந்தைய ஆட்சேபம் தயாரித்தோம். அச்சு அசலாக அதே பொருள் ஓர் அமெரிக்க விண்ணப்பத்தில் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன். ஆனால் அது வெளியானது எதிராளியின் முன்னுரிமைத் தேதிக்கு (புதுமையை எந்த நாளை வைத்துப் பார்ப்பது என்ற தேதி, பொதுவாக முதல் விண்ணப்பம் போட்ட நாள்) இரண்டு மாதம் கழித்து. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 25(1)(பி)யில் ஆட்சேபிக்க, அந்தத் தேதிக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும். பின்னால் வெளியானதை எடுப்பதென்றால் 25(1)(சி). அதற்கு அது இந்தியாவில் தாக்கலான விண்ணப்பமாக இருக்க வேண்டும், முன்னுரிமைத் தேதியும் முந்தியதாக இருக்க வேண்டும், அப்போதும் கிளெய்மை மட்டும்தான் ஒப்பிடலாம். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும் என்பதால் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போனது.

அப்புறம் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். கிளெய்மைத் துண்டு துண்டாக உடைத்து ஒரு பக்கம், கிடைத்த ஆவணத்தின் பத்தி எண் மறுபக்கம், உச்சியில் சிவப்பு மையில் தேதிகள். எல்லாத் துண்டும் ஒரே ஆவணத்தில் இருந்தால்தான் 'புதுமை இல்லை' என்று எழுதுவேன். இரண்டு மூன்று ஆவணங்களை ஒட்டவைக்க வேண்டி வந்தால் அது கண்டுபிடிப்புப் படிநிலை (துறை தெரிந்தவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்பது) பற்றிய வாதம், தனித் தலைப்பு. போன மாதம் பி02சியில் மேடம் கண்ணில் படாத ஒன்றை நான் பிடித்தேன். அன்று மதியச் சாப்பாடு அவர் செலவு.

ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. கட்சிக்காரருக்காக விண்ணப்பம் தயாரித்துத் தாக்கல் செய்பவர் காப்புரிமை முகவர். அந்தத் தேர்வு எழுத பிரிவு 126 அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கேட்கிறது. நான் பி.ஏ. எல்.எல்.பி. வழக்கறிஞராக விசாரணையில் ஆஜராக பிரிவு 132 இடம் தருகிறது, அதுவரை சரி. முகவர் ஆக வழியில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் முதலில் பி.எஸ்சி.யோ பி.இ.யோ முடித்துவிட்டு மூன்று வருட சட்டப் படிப்புக்கு வாருங்கள்.