காசியில் 'சம்போ' போகும் நேரம்

காசியில் கூட்ட நாட்களில் கொதௌலியா சந்திப்போடு ஆட்டோவை நிறுத்திவிடுவார்கள். மூட்டை குறைவாக இருந்தால் பிழைத்தீர்கள். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், 1863-இல் ஏற்படுத்திய நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

அங்கே தங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது 'சம்போ'. பால், சந்தனம், விபூதி, பூ, வில்வம் என்று விசுவநாதர் பூசைக்கு வேண்டியதை ஏந்திக்கொண்டு, "சம்போ, மகாதேவா" என்று குரல் கொடுத்தபடி சத்திரத்து ஆட்கள் கோயிலுக்குப் போவார்கள். தினமும் மூன்று வேளை. நேரத்தை முதல் நாளே அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். விசாரித்துக்கொண்டு நிற்பதற்குள் சந்து திரும்பிப் போய்விடும்.

இத்தனை காலம் இது நிற்காததற்குப் பக்தி மட்டும் காரணமல்ல, கணக்கு எழுதிய முறையும்தான். பர்மா, மலேயா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்த செட்டியார் குடும்பங்கள் 'மகமை' என்று ஒரு சிறு பங்கைச் சாமி பேரில் பேரேட்டிலேயே ஒதுக்கிவந்தன. ஆண்டு முடிவில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று வைத்தால் கெட்ட வருஷத்தில் விளக்கு அணைந்துவிடும் அல்லவா? சொந்த ஊர்க் கோயில்களுக்கோ புள்ளிவரி: மணமான ஆண் குடும்பத்தோடு ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு.

பணம் நிலைத்தது, நிலம்தான் நழுவியது. பூசைப் பூவுக்காகக் காசியின் சிக்ரா பகுதியில் வாங்கிய நந்தவனம் ஆக்கிரமிப்பில் போய், 2022-இல்தான் மீண்டது. அந்த இடத்தில் 10 மாடி, 140 அறைகளோடு எழுந்த புதுச் சத்திரம் 2025 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்டது. அறை எந்தச் சத்திரத்தில் என்று பதிவின்போதே கேளுங்கள். சிக்ராவிலிருந்து கோயிலுக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

மீர் காட் படித்துறைச் சந்திலுள்ள விசாலாட்சி கோயிலும் நகரத்தார் பராமரிப்பு. வடக்கத்திச் சந்துக்குள் திடீரென்று நம்மூர்க் கோபுரம்! பெரிய அம்மனைக் கும்பிட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள். பின்னால் சின்னதாக ஆதி விசாலாட்சி இருக்கிறாள். மாலை மறைத்திருந்தால் அர்ச்சகரிடம் கேளுங்கள், காட்டுவார்.

விசுவநாதர் கோயிலுக்குள் கைபேசி விடமாட்டார்கள், பையும்தான். அறையிலேயே பூட்டிவிட்டு வாருங்கள். சந்துக் கடைகளில் 'லாக்கர் இலவசம்' என்பார்கள். பூத்தட்டின் விலையில் அது சேர்ந்திருக்கும்.