கேன் தண்ணியில கப்பி வளர்த்து நான் பட்ட பாடு

கப்பிங்கற சின்ன கலர் மீன் வளர்க்கறது ரொம்ப ஈஸி, சும்மா விட்டாலே குட்டி போட்டுத் தள்ளும்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு முதல் குட்டி பிழைக்கறதுக்குள்ள நாலு மாசம் ஆச்சு, பதினோரு பெரிய மீன் போச்சு.

தொட்டி வாங்கினது, ஸ்பான்ஜ் ஃபில்டரை மூணு வாரம் சும்மா ஓடவிட்டது எல்லாம் ஒழுங்காதான் நடந்துச்சு. கோளாறு மீன் வாங்க, சென்னையில கலர் மீன் கடைங்க இருக்கற கொளத்தூர் போன அன்னைக்கே ஆரம்பிச்சுது. சாமர்த்தியமா பண்றதா நெனச்சு, வயித்துல குட்டி இருக்கற மீனா பார்த்துக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு, தாம்பரம் வரைக்கும் வெயில்ல பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் கவரைக் கையிலயே தூக்கிட்டு வந்தேன். வீட்டுல வந்து பார்த்தா கவருக்கு அடியில நாலஞ்சு குட்டி செத்துக் கெடக்கு, இன்னொரு மீன் வாயில பாதி வால் தொங்குது. அலைச்சல்ல பயந்து வழியிலயே போட்டிருக்கு, போட்டதை கூட வந்ததுங்களே தின்னுருச்சு. நெறமாசத்துல இருக்கற மீனை தயவுசெஞ்சு வாங்காதீங்க, சின்னதா வாங்கி வீட்டுல வளர்த்துக்கோங்க. அப்புறம் ஜோடி ஜோடியா குடுக்கறாங்கல்ல, அதையும் வாங்காதீங்க, ஆண் ஓயாம துரத்தி பொண்ணைக் கொன்னாலும் கொன்னுரும். ஒரு ஆணுக்கு ரெண்டு மூணு பெண் வேணும்.

அடுத்தது தண்ணி. கடைக்காரருக்கு போன் பண்ணா, "போர் தண்ணி உப்பு சார், கேன் தண்ணி ஊத்துங்க, சுத்தமா இருக்கும்"னாரு. நானும் இருபது லிட்டர் கேன் மூணு வாங்கி ஊத்துனேன். நாலாவது நாள் மீனெல்லாம் செட்டையை ஒடுக்கிக்கிட்டு நின்ன எடத்துலயே குளிர்ல நடுங்கற மாதிரி ஆடுது. அதே கடையில நீலக் கலர் மருந்து வாங்கி ஊத்துனேன், இன்னும் ரெண்டு போச்சு. கடைசியில மாடி வீட்டு அண்ணன், தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டரோட வந்து பார்த்தாரு. தொட்டியில 38, எங்க போர்ல 840. "தம்பி, கப்பி, மாலி எல்லாத்துக்கும் சுண்ணாம்புச் சத்து இருக்கற கடினத் தண்ணிதான் ஒத்துக்கும், நீ உப்பையெல்லாம் வடிகட்டி எடுத்த ஆர்ஓ கேன் தண்ணியில போட்டு வதைக்கிற"ன்னாரு. மருந்தே வேணாம்னுட்டாரு. தினம் ஒரு குடம் எடுத்துட்டு ஒரு குடம் போர் தண்ணி, பத்து நாள்ல ஆட்டம் நின்னுருச்சு. ஓசியில கெடைக்கற தண்ணியை விட்டுட்டு காசு குடுத்துக் கொன்னிருக்கேன்!

ஒரே நாள்ல மொத்தமா மாத்திடாதீங்க, அதுவும் தாங்காது. லாரி தண்ணின்னா குளோரின் போக்காம ஊத்தவே ஊத்தாதீங்க.

அப்புறம் ப்ரீடிங் பாக்ஸ்னு ஒண்ணு வாங்குனேன், குட்டி போடற மீனைத் தனியா வைக்கற உள்ளங்கை அகல பிளாஸ்டிக் டப்பா. அதுல ஒரு பெண் மீனை ஆறு நாள் அடைச்சு வச்சேன். முட்டி மோதிட்டே இருந்துச்சு, ஏழாம் நாள் காலையில குட்டியும் இல்ல தாயும் இல்ல. இப்ப பால்கனியில நாப்பது லிட்டர் டப்பு ஒண்ணு, அதுல கை நெறைய ஜாவா மாஸ்ங்கற பாசிச் செடி, அவ்வளவுதான். வயிறு உருண்டையா இருந்தது பொட்டி மாதிரி சதுரமாகி, வால் பக்கம் இருக்கற கரும்புள்ளி பெருசாச்சுன்னா அந்த மீனை மட்டும் மெதுவா இதுல விடறேன். குட்டி போட்டதும் தாயைத் திரும்ப எடுத்துடறேன்.

அப்படி விட்டு மூணாம் நாள் காலையில மாஸை லேசா ஒதுக்குனேன், ரெண்டு கறுப்புக் கண்ணு மட்டும் நகருது, ஒடம்பு கண்ணாடி மாதிரி, அரிசி நீளம்கூட இல்ல. எண்ணுனா 23!

அதுலயும் அம்மா பேச்சைக் கேட்டு அவிச்ச மஞ்சக்கரு போட்டேன். ஒரு சிட்டிகை போதுமாம், நான் போட்டது அரை ஸ்பூன். சாயங்காலம் தண்ணி பால் மாதிரி ஆகி நாறிடுச்சு, ஒன்பது குட்டி காலி. மிச்சம் பதினாலுக்கு ஆர்டீமியா, அதாவது உப்புத்தண்ணியில வாழற குட்டி இறால் மாதிரி உயிரோட முட்டையை, பொரிச்சேன். வெட்டுன பாட்டில்ல உப்புத்தண்ணி, ஏர் பம்ப், ஒரு நாள் கழிச்சு முட்டை ஓட்டை விட்டுட்டு குஞ்சை மட்டும் வடிகட்டிப் போட்டா, பத்து நிமிஷத்துல எல்லா குட்டிக்கும் வயிறு ஆரஞ்சு கலர்ல தெரியுது. அன்னைக்கு ஆபீஸுக்கு லேட்.

ஒரு மாசத்துலயே ஆண்களைப் பிரிச்சிடணும், வயித்துக்கு அடியில இருக்கற செட்டை குச்சி மாதிரி ஆனா அது ஆண். அதையும் பிரிச்சாச்சு. பெரிய தொட்டியில இருந்த ஒரே ஆணும் செத்து ஒன்றரை மாசம் ஆச்சு, இனி கொஞ்ச நாள் குட்டித் தொல்லை இல்லன்னு இருந்தேன். நேத்து பார்த்தா ஃபில்டருக்குப் பின்னாடி மறுபடியும் குட்டிங்க! அண்ணன் சிரிக்கறாரு, "ஒரு தடவை சேர்ந்தா போதும் தம்பி, ஆணோட விந்தை உள்ளயே சேத்து வச்சு மாசக்கணக்கா குட்டி போடும்"கறாரு. டப்புல எடமில்லாம இப்ப அம்மாவோட வடாம் ஊறப்போடற அண்டாவைக் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.