தவணைக் கிழமை

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மனநல வேலை பார்ப்பவர்களுக்கு இது சாதாரணத் தேதி இல்லை. 2001இல் இதே நாள் விடியற்காலையில் ஏர்வாடியில், தர்காவுக்குக் கூட்டிவந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. குஜராத்தில் உனாவா தர்காவில் தொடங்கிய ‘தவா – துவா’ (மருந்தும் பிரார்த்தனையும்) முறை இங்கேயும் வந்தது. ஓதிப் பார்க்க வருகிறவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

சங்கிலி போட்ட குடும்பங்களை ஏசுவது சுலபம். கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் என்கிற வீட்டில், கண் அசந்தால் ஓடிவிடும் பிள்ளையைப் பகலெல்லாம் யார் பார்ப்பது? அன்றைக்கு மாத்திரை வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். அந்த நாள் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

இன்று தாலுகா ஆஸ்பத்திரியில் எங்கள் மனநல ஓபி. வர வேண்டிய பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. “அக்கறை கிடையாது மேடம் இதுகளுக்கு” என்றார் சீட்டு எழுதுகிறவர். மாத்திரை இலவசம். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. பிறகு ஏன் வரவில்லை?

ஆகஸ்ட் 8, வியாழன்

மக்களைத் தேடி மருத்துவம் அக்காவோடு வீடு வீடாகப் போனேன். சுகர், பிரஷர் மாத்திரை கொடுத்துக்கொண்டே எந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை, யார் பேசவில்லை என்று அவர் சொல்லிவிடுவார். எங்கள் படிவங்களைவிட அவர் வாயை நம்பலாம்.

மூன்றாவது தெருவில், ஓபிக்கு வராத ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மிளகாய்க் காட்டு வேலை.

“செவ்வாக்கெழம எப்புடித் தாயி வர்றது? குழுப் பணம் கட்டுற நாளு. காலையில பத்து மணிக்கு வசூல் தம்பி வந்து ஒக்காந்துருவாரு. நான் இல்லன்னா எம் பங்க மத்த பொம்பளைக போடணும். அப்பறம் தெருவுல தலை காட்ட முடியுமா?”

வாரக் கடன் இரண்டு, மாதக் கடன் ஒன்று. பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் நுண்கடன். முதல் கடன் கணவரை வெளிநாட்டுக்கு அனுப்ப. ஏஜென்ட் பணத்தோடு காணாமல் போய்விட்டான். அதை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது. நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், தலை கிர்ரென்று சுற்றல். இதற்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இசிஜி, குளுக்கோஸ், மறுபடி இசிஜி என்று போன பணமும் கடன்தான். “ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மனச்சோர்வு இந்த ஊர்களில் தலைவலியாகவும் எரிச்சலாகவும்தான் வாசலுக்கு வருகிறது. கவலையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்செடின் மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. பசி எடுக்கிறதாம். தூக்கமும் வருகிறது, திங்கள் ராத்திரி தவிர.

தெரு முழுக்க அதே கிழமைதான் வசூல். அதே கிழமைதான் எங்கள் ஓபியும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எல்லாவற்றையும் வறுமையில் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய நாள். முப்பது வயதுப் பையன், மனச்சிதைவு நோய். வீட்டில் நிலம் உண்டு, கடன் கிடையாது. காதில் கேட்கும் குரலுக்கும் வட்டிக்கும் சம்பந்தமில்லை. ரிஸ்பெரிடோன் மாத்திரை வேண்டும், அது அவனுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் உள்ளூர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் மனநோய்க்கும் மாற்றுத்திறனாளி சான்று உண்டு, 2016 சட்டத்திலேயே இருக்கிறது என்றேன். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “கல்யாணம் முடியட்டும்மா.” நோய் சமூகத்திலிருந்து வரவில்லை, சரி. மருந்து எவ்வளவு சீக்கிரம் வாய்க்குப் போகிறது என்பதைச் சமூகம்தான் முடிவு செய்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மாவட்டக் கூட்டம். கடன், குடி, அடி என்று எதைச் சொன்னாலும் ஒரே பதில்: “கவுன்சிலிங் குடுங்க.” திருநீறு மாதிரி ஆகிவிட்டது, எல்லாவற்றுக்கும் அதைப் பூசுகிறார்கள். 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர், அதில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு இது. மேடையில் வாசித்தார்கள், கைதட்டவும் செய்தார்கள். எதற்கென்று புரியவில்லை. உருப்படியாக ஒன்று: 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை ரேஷன் கடைச் சுவர்களில் எழுதச் சம்மதித்தார்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுகளில் உட்காரவைத்தார். வருகிறவர் தன் பிரச்சினைகளை அடுக்குவார். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று பாட்டியும் அவருமாகச் சேர்ந்து யோசிப்பார்கள். 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பெஞ்சில் பேசிவிட்டுப் போனவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. வாடகை பாக்கியைப் பற்றியும் பேசுகிற கவுன்சிலிங் என்றால் எனக்குச் சம்மதம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மகளிர் திட்ட ஆபீசில் கேட்டேன். மூன்று கடனையும் சுயஉதவிக்குழு வங்கிக் கடனாக மாற்ற வழி உண்டு, ஆனால் குழுவின் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்க வேண்டும். அந்த அம்மாவின் குழுவில் எழுதுகிறவர் திருப்பூருக்குப் போய்விட்டார். எட்டாவது படிக்கும் மகளை வைத்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஓபியை வியாழனுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். “மாத்தலாம்மா. அப்போ வியாழக்கிழமை ஊரு செவ்வாய்க்குப் போகணும். அங்க வசூல் என்னைக்கு?”

ஆகஸ்ட் 23, வெள்ளி

அங்கே திங்களும் புதனும். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். மேலே அனுப்ப வேண்டிய கடிதத்தில் காரணம் என்ன போடுவது என்று கிளார்க் கேட்டார். “நிர்வாகக் காரணம்னு போட்டுரலாமா மேடம்?” நுண்கடன் வசூல் நாள் என்றே போடச் சொன்னேன்.