ஊதாப் புல்லும் ஒரு டிஎல்எல் ஃபைலும்

போன மாதம் அக்கா வந்திருந்தபோது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடலாமா என்று கேட்டாள். புதுப்பதிப்பு வேண்டாமாம், நாங்கள் சின்ன வயதில் முறை வைத்து ஆடிய 1999 கேம்தான் வேண்டுமாம். சிடி இன்னும் என்னிடம் இருக்கிறது, கூடவே 2000-இல் வந்த கான்கரர்ஸ் விரிவாக்கமும். என் லேப்டாப்பில் போட்டுத் திறந்தேன்.

"புல்லு ஏன்டா ஊதா கலர்ல இருக்கு?" என்றாள்.

புல்வெளி முழுக்க ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள். தண்ணீர் சிவப்பு. ஆனால் டவுன் சென்டர் சுவர் ஓரளவு சரியாகவே இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் விண்டோஸ் 7 காலத்திலேயே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அந்தக் கேம் ஓடுவது 256 கலரில். ஒவ்வொரு புள்ளிக்கும் அது கலரை எழுதி வைப்பதில்லை, 0 முதல் 255 வரை ஒரு எண்ணை மட்டும்தான் வைக்கும். எந்த எண்ணுக்கு எந்தக் கலர் என்பது தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். அதைத்தான் பேலட் என்பார்கள். கேம் ஓடும்போது வேறு ஏதாவது புரோகிராம் அந்த அட்டவணையில் கைவைத்தால், எண் அப்படியே இருக்கும், கலர் மட்டும் மாறிவிடும். கைவைக்கப்பட்ட எண்கள் புல்லிலும் தண்ணீரிலும் நிறைய வந்ததால் அவை கெட்டன, சுவர் தப்பித்தது.

விண்டோஸ் 7-இல் அப்படிக் கைவைத்தது பெரும்பாலும் எக்ஸ்புளோரர், அதாவது டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் காட்டும் விண்டோஸ் புரோகிராம். டாஸ்க் மேனேஜரில் அதை நிறுத்திவிட்டு ஆடுவேன். விண்டோஸ் 8 முதல் 256 கலர் மோடே உண்மையில் கிடையாது. பழைய கேம் கேட்டால் இருப்பதுபோல் காட்டும், அவ்வளவுதான். அதனால் இந்த முறை சிஎன்சி-டிடிரா என்கிற இலவச மாற்று டிஎல்எல்லை எடுத்தேன். டிஎல்எல் என்பது புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் துணை ஃபைல். திரையில் படம் காட்ட விண்டோஸில் இருக்கும் டைரக்ட்டிராவிடம் கேம் சொல்வதையெல்லாம் இது நடுவில் நின்று வாங்கிக்கொள்ளும். பேலட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, முடிந்த படத்தை இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தெரிந்த முறையில் அனுப்பிவிடும்.

இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது. டிஎல்எல்லைக் கேம் ஃபோல்டரில் போட்டேன், ஒன்றும் மாறவில்லை. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன், டிரைவரை மாற்றினேன், அப்படியும் புல் ஊதாதான். காரணம் சின்னது. கான்கரர்ஸின் எக்ஸி, அதாவது கேமைத் திறக்கும் ஃபைல், கேம் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்னொரு ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் டிஎல்எல்லை முதலில் தேடுவது எக்ஸி இருக்கும் இடத்தில்தான். அங்கே கிடைக்காவிட்டால் சிஸ்டத்தில் இருக்கும் டிடிராவை, அதாவது டைரக்ட்டிராவின் சொந்த டிஎல்எல்லை, எடுத்துக்கொண்டு போய்விடும். ஃபைலை எக்ஸியின் பக்கத்தில் வைத்ததும் புல் பச்சையானது. இதே வேலையைச் செய்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது அகலம். குதிரை வீரன் குள்ளமாக, அகன்று தெரிந்தான். 1024×768 படத்தை 1920×1080 திரை முழுக்க இழுத்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிடும். சிஎன்சி-டிடிராவின் செட்டிங்ஸ் இருக்கும் டிடிரா.ஐஎன்ஐ ஃபைலில் விகிதத்தைக் காக்கச் சொல்லும் வரியை 'ட்ரூ' ஆக்கினால் படம் 1440×1080-இல் நிற்கும், இரண்டு பக்கமும் 240 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை. பட்டை பிடிக்காது என்று படத்தை இழுத்து ஆடுகிறவர்கள் உண்டு. எனக்கு மனசு வராது. அந்தக் குதிரையை யாரோ பார்த்துப் பார்த்து உருவாக்கியிருக்கிறார்கள்.

திரையில் ஒரு மூலை மட்டும் தெரிந்தாலோ, மவுஸ் ஓரிடம் கிளிக் ஓரிடம் என்றிருந்தாலோ அது டிபிஐ பிரச்சினை, அதாவது எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங்கால் வருவது. 150 சதவீத ஸ்கேலிங் வைத்த 1920×1080 திரையை விண்டோஸ் பழைய கேமிடம் 1280×720 என்று சொல்லிவிடும். எக்ஸியின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய், டிபிஐ ஸ்கேலிங்கை அப்ளிகேஷனிடமே விட்டால் சரியாகும்.

கடைசியாக எழுத்துகள். 768 வரிகளை 1080-க்குப் பெரிதாக்குவது ஒன்றே கால் மடங்கும் இல்லை, ஒன்றரை மடங்கும் இல்லை. அதனால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் பெரிதாகாது. கூர்மையாக வைத்தால் எழுத்தின் ஒரு கால் தடிக்கும், இன்னொன்று மெலியும். மென்மையாக வைத்தால் சீராக வரும், கொஞ்சம் மங்கும். எனக்குக் கூர்மைதான் பிடிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். இரண்டாவதைக் காட்டியதும் அக்கா, "இதுதான்டா, நம்ம பழைய மானிட்டர்ல இப்படித்தான் இருந்துச்சு" என்றாள். மென்மையிலேயே விட்டுவிட்டேன்.

இப்போது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவும் வேண்டுமாம், 1990-இல் வந்த டாஸ் பதிப்பு. அது 320×200. பழைய டாஸ் கேம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் புரோகிராமில் ஆஸ்பெக்ட்டை ஆன் செய்து 200 வரியை 240-ஆக உயர்த்தாவிட்டால் இளவரசன் குட்டையாகிவிடுவான். அவள் அடுத்த முறை வருவதற்குள் செய்து வைக்க வேண்டும்.