பங்கு பிரிக்கும் மேசை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இறந்தவர்களின் சொத்தை வாரிசுகள் பேருக்கு மாற்றும் கோப்புகள்தான் என் பொறுப்பு. இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், வீட்டு கிராண்ட் என்கிற உரிமைப் பத்திரம், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் என்று எல்லாவற்றையும் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் சொத்துப் பட்டியலைத் தட்டச்சு செய்து, உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஒரு மனுஷர் ஆயுசு முழுக்க ஓடி ஓடிச் சேர்த்தது பெரும்பாலும் ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிடும்.

இந்த வேலைக்கு வந்த பிறகு வேதாகமத்தில் லூக்கா 12ஆம் அதிகாரத்தை வாசிக்கிற விதமே மாறிவிட்டது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த உவமை எதனால் வந்தது? கூட்டத்திலிருந்து ஒருவன், சொத்தைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்று கேட்கிறான். என் மேசைக்கு வருகிற அதே ஆள். உங்களுக்குப் பங்கிடுகிறவனாக என்னை வைத்தது யார் என்று கேட்டுவிட்டு இயேசு சொல்கிறார்: "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல."

தொகை பெரிதானால் சண்டையும் பெரிதாகும் என்று நினைத்தால், அப்படியெல்லாம் இல்லை. சொற்பச் சேமிப்புக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையே இல்லாமல் போயிருக்கிறார்கள். ஒரே ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்ததால் வருஷக்கணக்கில் தூங்குகிற கோப்புகள் உண்டு. வீட்டு வரிப் பாக்கி ஏறிக்கொண்டே போகும், கூரை ஒழுகும், யாரும் குடியிருக்க முடியாது. அந்தச் சகோதரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆலயத்தில் வெவ்வேறு பக்கம் உட்கார்ந்து, ஒரே கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்வார்கள்.

செந்தூலில் இருந்து வந்த ஒரு ஆன்ட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை, மாமனார் மாமியாரும் காலமாகிவிட்டார்கள். இருந்தது ஒரு தரைவீடும் கொஞ்சம் வைப்புத்தொகையும். கூட வந்திருந்த கொழுந்தன் சபையில் பொறுப்பில் இருக்கிறவர். வீட்டைத் தனக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதத்தைத் தயாராக அடித்துக்கொண்டு வந்திருந்தார். "அண்ணி, நமக்குப் பரலோகத்துல வீடு இருக்கு. இந்த உலகத்துச் சொத்து எதுக்கு? கையெழுத்துப் போடுங்க, கர்த்தர் பாத்துக்குவார்" என்றார். ஆன்ட்டி பேனாவை எடுத்துவிட்டு, மறுபடி மேசையில் வைத்தார். ஜெபம் பண்ணிவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுந்துவிட்டார்.

மலேசியாவின் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவருக்குப் பிள்ளைகளும் பெற்றோரும் இல்லையென்றால் சொத்து முழுவதும் மனைவிக்குத்தான். கொழுந்தனுக்கு அதில் ஒரு செங்கல்கூட இல்லை. எங்கள் வழக்கறிஞர் அதை ஆன்ட்டியிடம் தனியாக எடுத்துச் சொன்னார்.

அடுத்த வாரம் தனியாகத்தான் வந்தார். "வீடு எனக்கு வேணும்மா. அவரு போனப்புறம் நான் எங்க இருக்கிறது? ஆனா வீட்டுலயா என் உசுரு இருக்கு? கர்த்தர்கிட்ட இருக்கு. அதனாலதான் பயப்படாம கேக்கிறேன்" என்றார். அதோடு, கணவரின் கல்யாணமாகாத தங்கச்சிக்கு வைப்புத்தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும், அதற்கு எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார். சட்டம் அதைக் கேட்கவில்லை. அந்தத் தங்கச்சியும் கேட்கவில்லை.

உலகப்பொருளைவிடத் தேவனே பெரியவர் என்பதை நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் அந்த வசனத்தைத் தன் கையில் இருக்கிற பணத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்க அதை எடுத்தால், அது இயேசு காலத்து மதபோதகர்களான வேதபாரகர் செய்த வேலை. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்று மாற்கு 12இல் இயேசு அவர்களைத்தான் சொன்னார். அதற்கு அடுத்த காட்சியே ஏழை விதவை இரண்டு காசைக் காணிக்கைப் பெட்டியில் போடுவது. இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் தானாகப் போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்துத் திறக்கவில்லை.

எனக்கும் சோதனை வராமல் இல்லை. வீடு விற்கும் ஏஜென்ட் ஒருவர், எந்தெந்த வீடு விற்பனைக்கு வரும் என்று முன்கூட்டியே சொன்னால் ஒவ்வொன்றுக்கும் கமிஷன் தருவதாகச் சொன்னார். மாசக் கடைசியில் என் வீட்டிலும் கை கடிக்கும். பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் நிற்கும். காலையில் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிப்பது என் வழக்கம். "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்" என்கிற வரியை வாசித்துவிட்டு, துக்க வீட்டுத் தகவலை விற்ற காசோடு நான் எப்படி அவரை அண்டுவது? அந்த அரை மணி நேரத்தை இழக்க எனக்கு மனமில்லை. ஏஜென்டிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். டியூஷன் கட்டணத்தைத் தவணையில் கட்டினேன், அவ்வளவுதான்.

சபையில் என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயில் எழுதுவது விசுவாசக் குறைவு இல்லை. நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மனைவி யாரிடமும் கையேந்தாதபடி செய்வதும் தேவனுக்கு முன்பாக நடப்பதுதான். கல்யாணத்துக்கு முன்பு எழுதிய உயில் கல்யாணத்தோடு பெரும்பாலும் செல்லாமல் போய்விடும், புதிதாக எழுத வேண்டும். ஊழியர் சேமநிதியில், உங்களுக்குப் பிறகு பணத்தை வாங்க யார் பெயர் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்தபோது அம்மா பெயரைப் போட்டுவிட்டு, அப்படியே மறந்துபோனவர்கள் அநேகர். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தப் பத்திரங்களையெல்லாம் எடுத்துக் காட்டுங்கள்.